ஐம்பத்தேழு திருத்தங்கள்

ஜூலை 4

தேதிக்குக் கீழே விளித்தொடர் எழுத வேண்டும். "அன்புள்ள" என்று தொடங்கி, யாருக்கு எழுதுகிறோமோ அவரைக் கூப்பிட வேண்டும். அதை விட்டால் தேர்வில் ஒரு மதிப்பெண் போகும் என்று தமிழ் ஆசிரியை சொல்லியிருக்கிறார். தெரிந்தேதான் விட்டிருக்கிறேன். அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. இதுவரை நான் உங்களை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பேன். இல்லாவிட்டால் நீங்கள் இருக்கும் அறை வாசலில் வந்து நிற்பேன், நீங்கள் "என்ன பாப்பா?" என்பீர்கள். கடிதத்தில் வந்து நிற்க முடியவில்லை.

அப்பா என்னை எழுதச் சொல்லவில்லை. போனைக் கொடுத்தால் நான் "ம்" மட்டும் சொல்கிறேன் என்று நீங்கள் அவரிடம் வருத்தப்பட்டீர்களாம். எனக்குப் போனில் வார்த்தை வராது. தாளில் வரும். அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அன்று நான் கத்தியதில் வரிசை குழம்பிப்போனது.

உங்கள் அலுவலகத்துக்குப் புது மென்பொருள் வரப்போகிறது என்று மே மாதம் வீட்டுக் கணினியிலும் அதைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கணினியில் என் அம்மா அடித்த கோப்பு ஒன்று இருந்தது. அதன் பெயர் "பாப்பா அகராதி". எனக்கு ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை நான் சொன்ன சொற்களை அம்மா அதில் எழுதி வைத்திருந்தார். இடப்பக்கம் நான் சொன்னது, வலப்பக்கம் அதன் பொருள். நியா என்றால் நிலா. யாயை என்றால் யானை. துத்து என்றால் சட்டை. மொத்தம் ஐம்பத்தேழு சொற்கள். அம்மா இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அதை நான் மனப்பாடம் செய்து வைக்கவில்லை. அது அங்கேயே இருக்கும் என்று நினைத்தேன்.

மே 18 அன்று நூலகத்திலிருந்து வந்து திறந்தேன். நிலா என்றால் நிலா என்று இருந்தது. யானை என்றால் யானை. ஒரு சொல்லுக்கு அதே சொல்தான் பொருள் என்று இருக்கும் ஓர் அகராதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. துத்து மட்டும் துத்தநாகம் ஆகியிருந்தது. துத்தநாகம் என்றால் சட்டை. திரையின் கீழே "57 திருத்தங்கள் செய்யப்பட்டன. சேமிக்கப்பட்டது" என்று இருந்தது.

அப்போது நான் "எங்க அம்மா எழுதினதைத் திருத்த நீங்க யாரு?" என்று கேட்டேன். மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்து வந்தீர்கள். அவை காய்ந்திருக்கவில்லை. மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்துக்கு மூன்று மாதப் பயிற்சி என்று கிளம்பிவிட்டீர்கள். அலுவலகம் அனுப்புகிறது என்று அப்பா சொன்னார். எதிர் வீட்டுத் தையல்காரம்மா, "அவங்களே கேட்டு வாங்கிட்டுப் போனாங்களாமே" என்கிறார்.

எனக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, அந்தக் கோப்பைப் பழையபடி கொண்டுவர முடியுமா? இரண்டு, நீங்களே கேட்டுத்தான் போனீர்களா?

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி


ஜூலை 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

தங்கள் நான்காம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது.

பார்த்தாயா, விரல்கள் தாமாகவே இப்படித் தொடங்குகின்றன. பத்தொன்பது வருடமாகத் தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்தது, சேறாக வருகிறது என்று வரும் புகார்களுக்குப் பதில் அடித்த விரல்கள். பேனாவைப் பிடித்தாலும் திருந்தவில்லை.

விளித்தொடருக்காக நீ ஒரு மதிப்பெண்ணை இழக்க வேண்டாம். "இங்க பாருங்க" எனக்குப் போதும். அலுவலகத்தில் என்னை இதைவிட மோசமாகக் கூப்பிடுகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது சுலபம். ஆமாம், நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு யாரும் போக விரும்பவில்லை. வீட்டில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டாமே என்று தோன்றியது.

இனி அந்தக் கோப்பு. நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். எழுத்துப்பிழையைத் தானே திருத்தும் வசதி புதிதாக வந்திருந்தது. வீட்டுக் கணினியில் தமிழில், வரிக்கு வரி சிவப்புக் கோடு விழும் கோப்பு அது ஒன்றுதான். "அனைத்தையும் திருத்து" என்பதை அழுத்தி, என்ன ஆகிறது என்று பார்த்தேன். பார்த்துவிட்டு மூடினேன். பழைய மென்பொருளில் மூடும்போது ஒரு கேள்வி வரும்: "மாற்றங்களைச் சேமிக்கவா?" பத்தொன்பது வருடம் அந்தக் கேள்விக்கு "வேண்டாம்" என்று சொல்லித்தான் என் தப்புகளை எல்லாம் வெளியே தெரியாமல் கழுவியிருக்கிறேன். அன்றும் அது கேட்கும் என்று விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்கவில்லை. அதுபாட்டுக்கு மூடிக்கொண்டது.

இங்கே பயிற்சி தரும் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. முதல் நாளே, "இதுல சேமிக்கிற வேலையே இல்ல மேடம். நீங்க நினைக்கறதுக்கு முன்னாடி அதுவே சேமிச்சிடும்" என்றாள். பதினொரு பேரில் பத்துப் பேர் கை தட்டினார்கள்.

இங்கே எனக்குப் பெயர் கெட்டுத்தான் இருக்கிறது. பெயர் என்றதும் நினைவு வருகிறது. கடிதத்துக்கு ஒரு மாதிரிப்படிவம் கொடுத்திருக்கிறார்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் "பெயரை இங்கே இடவும்" என்று சாம்பல் நிறத்தில் இருக்கும். அது மங்கலாக இருப்பதால் தாளில் வராது என்று நினைத்துவிட்டேன். நாற்பது வீடுகளுக்கு "மதிப்பிற்குரிய பெயரை இங்கே இடவும் அவர்களுக்கு" என்று பதில் போயிருக்கிறது. ஒரு பெரியவர், தண்ணீர் இப்போது வருகிறது என்று நன்றி தெரிவித்து, கீழே "இப்படிக்கு, பெயரை இங்கே இடவும்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். மேலாளர் அதைப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார்.

உன் முதல் கேள்வியை அந்தப் பெண்ணிடம் இன்னும் கேட்கவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டால் அதை உனக்கு எழுத வேண்டுமே என்று பயமாக இருக்கிறது. அடுத்த வாரம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
குடிநீர் அலுவலகப் புகார்ப் பிரிவு


ஜூலை 20

இங்க பாருங்க,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "பெயரை இங்கே இடவும்" பகுதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது. மறுநாள் தான் வேலை பார்க்கும் பேருந்துப் பணிமனையில் போய் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். இப்போது டயர் பிரிவில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் "பெயரை இங்கே இடவும், ஸ்பானர் கொண்டா" என்கிறார்களாம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு சந்திப்பிழைகள் இருக்கின்றன. பென்சிலால் அடியில் மெல்லிய கோடு மட்டும் போட்டேன். திருத்தவில்லை.

அந்தச் சுவரைப் போய்ப் பார்த்தேன். சாப்பாட்டு மேசைக்கு எதிரே இருப்பது. நாள்காட்டி மாட்டியிருந்த ஆணியும், சுண்ணாம்பு உரிந்த ஓர் இடமும் இருக்கின்றன. பதினான்கு மாதம் பார்க்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேட்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கும் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் கேளுங்கள். போய்விட்டது என்றால் போய்விட்டது என்று தெரிந்துகொள்வேன். இப்போது என்ன செய்கிறேன் என்றால், அந்தச் சொற்களை நினைவிலிருந்து ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கிறேன். இருபத்து மூன்று வந்திருக்கின்றன. ஆனால் அவை நான் உண்மையில் சொன்னவையா, இப்போது நானே உண்டாக்குபவையா என்று தெரியவில்லை. கதவுக்கு "கதுவு" என்று எழுதியிருக்கிறேன். அம்மா எழுதியது அதுதானா? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டால், "நீ எல்லாத்தையும் தப்புத் தப்பாத்தான் சொன்ன, எதுன்னு நான் ஞாபகம் வச்சுக்கறது?" என்கிறார்.

அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். நீங்கள் டப்பாவில் ஒட்டி வைத்த சீட்டு உதவியாக இருக்கிறது. இடைப்பருவப் பரீட்சை நெருங்குகிறது.

இப்படிக்கு,
பாப்பா


ஜூலை 29

அன்புள்ள பாப்பாவுக்கு,

பயிற்சி தரும் பெண்ணிடம் விசாரித்தேன். கோப்பை மீட்க முடியும் என்று தெரிவிக்கிறாள். எழுத்து தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் இக்கடிதத்தை அலுவலகக் கணினியில் அடித்து அனுப்புகிறேன்.

புது மென்பொருள் கேட்காமல் சேமித்தாலும், சேமிப்பதற்கு முன் இருந்ததையும் தனியே எடுத்து வைக்கிறது. அதற்கு "முந்தைய பதிப்புகள்" என்று பெயர். பின்வருமாறு செய்யவும். முதலில் கணினி இணையத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும். பிறகு "பாப்பா அகராதி" கோப்பைத் திறக்கவும். அதில் எதையும் அடிக்க வேண்டாம். திரையின் உச்சியில் உள்ள கோப்பின் பெயர் மீது ஒரு முறை அழுத்தவும். "முந்தைய பதிப்புகள்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். வலப்பக்கம் தேதியும் நேரமும் போட்ட ஒரு பட்டியல் வரும். அதில் மே 18 அன்று முதலில் உள்ள நேரத்தை அழுத்தவும். சரியான கோப்புதான் என்று படித்துப் பார்த்த பிறகு "மீட்டெடு" என்பதை அழுத்தவும்.

மீட்டதும் ஒரு பிரதியை அச்செடுத்துத் தாளிலும் வைத்துக்கொள்வது நல்லது.

இங்கு வேலை நன்றாகப் போகிறது. பயிற்சி ஆகஸ்ட் முப்பதில் முடிகிறது. பரீட்சைக்கு நன்றாகப் படிக்கவும். அப்பாவின் மாத்திரையைக் கவனித்துக்கொள்வதற்கு நன்றி.

இப்படிக்கு,
புகார்ப் பிரிவு


ஆகஸ்ட் 5

இங்க பாருங்க,

பட்டியலில் இரண்டு வரிகள் இருந்தன. மே 18, காலை 10.12. மே 18, காலை 10.40. முதல் வரியை அழுத்தினேன்.

நியா வந்தது. யாயை வந்தது. துத்தநாகம் போய்த் துத்து வந்தது. ஐம்பத்தேழையும் எண்ணினேன். அப்பா பின்னால் நின்று ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார். நாற்பதாவது சொல்லில் முகம் கழுவப் போய்விட்டார். என் நோட்டில் இருந்த இருபத்து மூன்றில் ஒன்பது நானே உண்டாக்கியவை. கதவு "கதுவு" இல்லை, "தவு".

நன்றி. இது வெறும் ஒழுங்குக்காக எழுதும் நன்றி இல்லை.

இனி எழுதப்போவது கஷ்டமான விஷயம். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன், இது நான்காவது.

நீங்கள் அடித்து அனுப்பிய கடிதத்தைத் தாளில் பார்க்காமலேயே மடித்து உறையில் போட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதன் வலப்பக்க ஓரத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் அச்சாகியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் "நீக்கப்பட்டது" என்று போட்டு, நீங்கள் அடித்துவிட்டு அழித்தது எழுதியிருக்கிறது. எந்த இடத்திலிருந்து அழித்தீர்கள் என்று காட்ட ஒரு புள்ளிக்கோடும் இருக்கிறது. மொத்தம் இருபத்திரண்டு பெட்டிகள்.

முதல் பெட்டியைப் படித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அடுத்தவர் எழுதியதில் கேட்காமல் கை வைத்ததற்குத்தான் உங்களைத் திட்டினேன். குளித்துவிட்டு வந்தேன். வீட்டுப்பாடம் செய்தேன். பிறகு எல்லாவற்றையும் படித்தேன். அதனால் நானும் உங்களைப் போலவே ஒரு தப்பு செய்துவிட்டேன். என்னை எந்த மென்பொருளும் ஏமாற்றவில்லை, தெரிந்தே செய்தேன்.

"அன்புள்ள" என்பதற்குப் பக்கத்தில் "மகளுக்கு" என்று இருந்திருக்கிறது. அதை அழித்துவிட்டுப் பாப்பாவுக்கு என்று போட்டிருக்கிறீர்கள். "மன்னித்துவிடு" என்பதை நான்கு இடங்களில் எழுதி நான்கிலும் அழித்திருக்கிறீர்கள். ஒன்று இணைய இணைப்பைப் பற்றிய வரிக்கு நடுவில் இருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கவும் என்பதற்கு முன்னால் "உனக்குத் தலை யார் பின்னிவிடுகிறார்கள்?" என்று இருக்கிறது. மே 18 என்று வரும் இடத்தில்: "திருத்துவதற்கு முன் அந்த அகராதி முழுவதையும் படித்தேன். யாயையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். உன்னை இரண்டு வயதில் பார்க்க எனக்குக் கிடைக்காமல் போனது பொறாமையாக இருந்தது." பத்து பன்னிரண்டுக்கும் பத்து நாற்பதுக்கும் நடுவில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசிப் பெட்டி பெரியது. "வேலை நன்றாகப் போகிறது" என்பதற்குப் பக்கத்தில். அதை அப்படியே எழுதுகிறேன். "என்னை இங்கேயே நிரந்தரமாக இருந்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறார்கள். என்னைப் போலத் தப்பு செய்தவர்தான் நன்றாகச் சொல்லிக் கொடுப்பார் என்கிறார் மேலாளர். பத்தாம் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். நான் வராவிட்டால் உனக்கு நிம்மதியாக இருக்குமா?"

நீங்கள் அழித்துவிட்ட கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன்.

முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது. கணினி மேசையில் உங்கள் மூக்குக் கண்ணாடி இல்லை, குளியலறையில் உங்கள் சீப்பு இல்லை, எல்லாம் முன்பு போல இருந்தது. இரண்டாவது வாரம் கணக்குத் தேர்வில் நாற்பத்தெட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஐம்பதுக்கு. பையைக் கூடக் கழற்றாமல் உங்கள் அறை வாசலில் போய் நின்றேன். நிறைய நேரம் நின்றிருப்பேன். அப்பா வந்து, "அங்க என்ன பண்ற?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

நிம்மதியாக இருக்காது. வந்துவிடுங்கள். தலையை நானே பின்னிக்கொள்கிறேன், கோணலாக இருக்கிறது.

இந்தக் கடிதம் வந்து சேர ஆறு நாள் ஆகும். பதினொன்றாம் தேதிதான் கிடைக்கும். அதனால் போனில் சொல்லப் பார்க்கிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை. நீங்கள் அழித்ததை நான் இன்னொருவரிடம் சொல்வது சரியில்லை.

இப்படிக்கு,
பாப்பா


ஆகஸ்ட் 9

இங்க பாருங்க,

நேற்று மாலை போன் செய்தது நான்தான். அதாவது, நான்தான் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் போனில் பேசியது நான் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்திருந்தேன். இரண்டே வரிகள். நீங்கள் "சொல்லு பாப்பா" என்றீர்கள். உங்கள் பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அப்பா இந்தப் பக்கம் நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "நகவெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"மூணாவது இழுப்பறைல" என்றீர்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தீர்கள். நான் "ம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நகவெட்டி என் இன்னொரு கையில்தான் இருந்தது. போன் செய்யப் பயமாக இருந்ததால் அதுவரை நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

நாளை பத்தாம் தேதி. இந்தக் கடிதமும் நேரத்துக்கு வராது. தெரிந்தே தபாலில் போடுகிறேன்.

பாப்பா


ஆகஸ்ட் 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

பேனாவால் எழுதுகிறேன். இதில் கோடு போட்டு அடித்தவை எல்லாம் உன் கண் முன்னாலேயே இருக்கும், தேடிப் படிக்க வேண்டாம்.

உன் ஐந்தாம் தேதிக் கடிதம் பதினொன்றாம் தேதி மதியம் வந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். "நீக்கப்பட்டது" என்ற இடம் வந்ததும் காது இரண்டும் சுட ஆரம்பித்தது. டப்பாவை மூடிவிட்டு நேராக அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் போனேன். யாருக்கோ நடந்தது போல விசாரித்தேன். அவள், "திரையில மறைச்சா அது போயிடாது மேடம். நீங்க ஏத்துக்கற வரைக்கும் உள்ளயே இருக்கும். தாள்ல எல்லாம் வந்துடும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு அனுப்பிட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். உனக்கு அனுப்பியது கூடப் பரவாயில்லை. அந்த வாரம் புகார்க்காரர் ஒருவருக்கு "இதே புகாரை இன்னும் எத்தனை தடவை அனுப்புவீர்கள், எனக்கும் உயிர்தானே" என்று அடித்துவிட்டு அழித்திருக்கிறேன். அவர் இன்னும் பதில் போடவில்லை.

இப்போது நான் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் கடிதம் வருவதற்கு முன்பே பெயர் கொடுத்துவிட்டேன்.

எட்டாம் தேதி நீ கூப்பிட்டாய். உன் குரலைக் கேட்டதும் ஏதோ சொல்லப் போகிறாய் என்று எழுந்து நின்றுவிட்டேன். நகவெட்டியைக் கேட்டாய். சொன்னேன். வைத்துவிட்டாய். சரி, என்னிடம் அவளுக்கு வேண்டியது மூன்றாவது இழுப்பறை வரைதான் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை "இங்கேயே தொடர்வோர்" என்ற இடத்தில் என் பெயரை அடித்தேன்.

பதினொன்றாம் தேதி உன் கடிதத்தைப் படித்த பிறகு, பெயர்ப் பட்டியல் மேலிடத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை. மேலாளருக்குப் பல் பிடுங்கியதில் இரண்டு நாள் விடுப்பு. பன்னிரண்டாம் தேதி காலை நான் வந்தபோது பட்டியல் திறந்தே இருந்தது.

இந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். புது வசதியில் எல்லோரும் ஒரே தாளில் ஒரே நேரத்தில் எழுதலாம். ஒவ்வொருவர் நிற்கும் இடத்திலும் ஒரு நிறக் கோடு மினுக்கும். நான் பச்சை. நான் ஓர் எழுத்தை அழித்தால் பதினொரு திரையிலும் அது அழியும். தனியாக எதையும் செய்ய முடியாது.

என் பெயரை அங்கிருந்து அழித்தேன். "திரும்புவோர்" என்ற இடத்தில் அடித்தேன். பக்கத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம். மற்றவர்கள் உடல்நிலை, பெற்றோரின் வயது என்று போட்டிருந்தார்கள். நான் "குடும்பக் காரணம்" என்று அடித்தேன். அது தண்ணீர் வராததற்கு நாங்கள் எழுதும் "தொழில்நுட்பக் காரணம்" போலவே இருந்தது. அழித்தேன். "வீட்டில் ஒருத்தி தலையைக் கோணலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்" என்று அடித்தேன்.

நீலக் கோடு நகராமல் நின்றது. ஆரஞ்சும் நின்றது. பிறகு ஓரத்தில் மேலாளரின் குறிப்பு வந்தது. வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "காரணம் தெளிவாக இல்லை. விளக்கவும்."

அந்தக் குறிப்புக்குக் கீழே பதில் எழுத ஓர் இடம் உண்டு. எவ்வளவு யோசித்தேன் என்று தெரியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு சொல் அடித்தேன்.

"மகள்."

ஒரு குறிப்பு முடிந்துவிட்டால் "தீர்ந்தது" என்று ஒரு பொத்தானை அழுத்தலாம். அழுத்தினால் அது ஓரத்திலிருந்து போய்விடும். மேலாளர் அதை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் எல்லா நிறக் கோடுகளும் அவரவர் வேலைக்குப் போய்விட்டன. பயிற்சிப் பெண் மட்டும் என் மேசைப் பக்கம் வந்து, தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சொல்லை உன்னைக் கேட்காமல் பதினொரு பேர் முன்னால் போட்டுவிட்டேன். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல். கோபித்துக்கொள்ள மாட்டேன். நீ என்னை எப்படியும் கூப்பிட வேண்டியதில்லை, வாசலில் வந்து நின்றால் போதும். உன் அம்மா எழுதியதை இனி நீ கொடுத்தால் மட்டும் படிப்பேன்.

முப்பதாம் தேதி மாலை கிளம்புகிறேன். முப்பத்தொன்றாம் தேதி காலை வீட்டில் இருப்பேன்.

பின்குறிப்பு: இதை உறையில் போடும் நேரத்தில் உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. நகவெட்டி உன் கையிலேயே இருந்ததா? அந்த நகவெட்டிக்காக ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தேன் தெரியுமா உனக்கு. வருகிறேன், வந்து வைத்துக்கொள்கிறேன்.


ஆகஸ்ட் 27

இங்க பாருங்க,

உங்கள் கடிதம் இருபதாம் தேதி வந்தது. அன்றே பதில் எழுதத் தொடங்கினேன். பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் முடிக்கவில்லை. இன்று முடித்துத் தபாலில் போட்டால் அங்கே செப்டம்பர் இரண்டாம் தேதிதான் வரும். நீங்கள் அதற்குள் கிளம்பியிருப்பீர்கள். வீட்டுக்கே வருபவருக்கு எதற்குக் கடிதம் என்று அப்பா கேட்கிறார். நேரில் வந்ததும் எனக்கு "ம்" தான் வரும் என்பது அவருக்குத் தெரியாதா?

அதனால் நம் வீட்டு முகவரிக்கே போடுகிறேன். உள்ளூர்த் தபால் இரண்டு நாளில் வந்துவிடும். நானே வாங்கி, பிரிக்காமல் உங்கள் மேசையில் வைத்துவிடுவேன். தபால் நிலையத்தில் இருக்கும் அம்மாவிடம் உறையைக் காட்டிச் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அனுப்புநர், பெறுநர் ரெண்டும் ஒரே வீடா இருக்கே கண்ணு?" என்றார். "வீடு ஒண்ணுதாங்க, ஆள் வேற" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தபால்தலை கொடுத்தார்.

நீங்கள் பட்டியலில் போட்ட சொல்லைப் பற்றி. எனக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல்லச் சொன்னீர்கள். நான் ஒரு வாரமாக அதைச் சொல்லிப் பார்க்கிறேன். பள்ளிக்குப் போகும்போது, பேருந்தில் யாரும் கேட்காதபடி. முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை. அது அப்படியே இருக்கட்டும். அதற்கு நான் என்ன திருப்பிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. எனக்கு நாள் ஆகும். அவசரப்படுத்த மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த மே மாதம் "திருத்த நீங்க யாரு?" என்று நான் கேட்டது ஒரு கேள்வியே இல்லை. யாரு என்று தெரியாமல் கேட்கவில்லை. வலிக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். உங்களுக்கு வலித்தது என்று காயாத துணிகளைப் பார்த்தபோதே தெரிந்தது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடுங்கள். எந்தக் கணினியிலும் அடிக்காமல் கையால் எழுதியிருக்கிறேன், அழிக்கவில்லை.

நீங்கள் முப்பத்தொன்றாம் தேதி காலை வரும்போது நான் விழித்திருப்பேன். ஆனால் வாசலுக்கு ஓடி வரமாட்டேன், பெட்டியை அப்பா வாங்கிக்கொள்வார். முதலில் கை கால் கழுவிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் அறைக்குப் போய் இதைப் பிரித்துப் படியுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பதில் எழுத வேண்டாம். நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன்.